நிலைத்தன்மையுள்ள மளிகை நிறுவனத்தில் சமூகப் பொறுப்புடன் முதலீடு செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுச்சூழலுக்கும் உழைப்போருக்கும் தீங்கு குறைவாக மளிகை விற்பதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்தில் பணம் போடலாமா என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனமானாலும், பங்காளி தேடும் ஒற்றைக் கடையானாலும், உறுப்பினர் பணத்தில் நடக்கும் கூட்டுறவு அங்காடியானாலும் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றே.

சமூகப் பொறுப்பு முதலீடு என்பது நன்கொடை கொடுப்பதைப் போன்றதா?

இல்லை. நன்கொடை கொடுத்தவர் பணத்தைத் திரும்ப எதிர்பார்ப்பதில்லை. முதலீட்டாளர் எதிர்பார்க்கிறார், எதிர்பார்க்கவும் வேண்டும். லாபம் எந்த வழியில் வந்தது என்பதையும் கணக்கில் சேர்ப்பதுதான் இந்த வகை முதலீட்டின் தனித்தன்மை. 1971இல் அமெரிக்காவில் தொடங்கிய பாக்ஸ் வேர்ல்டு நிதி, வியட்நாம் போர்க் காலத்தில் ஆயுத உற்பத்தியாளர்களைத் தவிர்த்து முதலீடு செய்ய விரும்பியவர்களுக்காக உருவானது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவுடன் 2006இல் பொறுப்பான முதலீட்டுக் கோட்பாடுகள் வெளியிடப்பட்ட பிறகு இந்த எண்ணம் பெரிய ஓய்வூதிய நிதிகள் வரை பரவியது. ஆகாததைத் தவிர்ப்பது, நல்லதைத் தேர்ந்து வாங்குவது, வாங்கிய பின் பங்குதாரராகக் கேள்வி கேட்பது என்று இதில் மூன்று வழிகள் உண்டு. மளிகைத் தொழிலைப் பொறுத்தவரை மூன்றாவதே அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து.

மளிகைத் தொழிலுக்கென்று தனியாக ஓர் அளவுகோல் எதற்கு?

இந்தத் தொழிலில் லாப விகிதம் மிகவும் மெலிந்தது. நூறு ரூபாய்க்கு விற்றால் எல்லாச் செலவும் போக ஒன்றிரண்டு ரூபாய் மிஞ்சுவதே பல நிறுவனங்களில் வழக்கம். ஆகையால் ‘நல்லது செய்கிறோம், கொஞ்சம் செலவாகும்’ என்று சொல்லும் நிறுவனத்தில் அந்தக் ‘கொஞ்சம்’ மொத்த லாபத்தையும் விழுங்கிவிட முடியும். அதே காரணத்தால், வீண் செலவு ஒன்று குறைந்தால் லாபம் பல மடங்கு துள்ளவும் முடியும்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். விற்பனை 100. பொருள் கொள்முதலுக்கு 72, ஊழியர்களுக்கு 12, வாடகைக்கும் மின்சாரத்துக்கும் 8, இதர செலவு 3, கெட்டுப்போய்க் கழித்த சரக்கு 3. மிச்சம் 2. கழிக்கும் சரக்கை 3இலிருந்து 2ஆகக் குறைத்தால் மிச்சம் 3 ஆகிறது. விற்பனை ஒரு ரூபாய்கூடக் கூடாமல் லாபம் 50 சதவீதம் உயர்ந்துவிட்டது. பூமிக்கு நல்லதும் முதலீட்டாளருக்கு நல்லதும் ஒரே கணக்கு வரியில் சந்திக்கும் இடம் இது. ஒரு மளிகை நிறுவனத்தின் நேர்மையை அதன் பொட்டலங்களில் தேடுவதைவிட இந்த வரியில் தேடுவது மேல்.

அப்படியானால் முதலில் கேட்க வேண்டியது எது?

வாங்கிய சரக்கில் எவ்வளவு விற்காமல் கழிக்கப்பட்டது, அதில் எவ்வளவு எங்கே போனது என்பதுதான். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. இது நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் 19 சதவீதம். அதில் 60 சதவீதம் வீடுகளிலும், 28 சதவீதம் உணவகம் போன்ற இடங்களிலும், 12 சதவீதம் சில்லறை விற்பனையிலும் வீணானது.

கடைகளின் பங்கு 12 சதவீதம்தான் என்று நிர்வாகம் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். கடை தன் கழிவை மேலேயும் கீழேயும் தள்ளிவிட முடியும். வடிவம் சரியில்லை, நிறம் சரியில்லை என்று விளைபொருளைத் திருப்பி அனுப்பினால் அது விவசாயியின் நிலத்தில் அழுகுகிறது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று சீக்கிரம் கெடும் பொருளை வாடிக்கையாளர் தலையில் கட்டினால் அது அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியில் சேர்கிறது. இரண்டுமே கடையின் கணக்கில் வராது. எனவே திருப்பி அனுப்பும் விகிதம், கடைசி நேரத்தில் ரத்தாகும் ஆர்டர்கள், காலாவதி நெருங்கும்போது விலை குறைக்கும் முறை ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். எடை அளவில், பொருள் வகை வாரியாக, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான புள்ளிவிவரம் தர முடிந்த நிறுவனம் தன் கழிவை உண்மையில் நிர்வகிக்கிறது. ஒட்டுமொத்தமாக ஒரு சதவீதத்தை மட்டும் சொல்லி, அதன் அடிப்படை என்னவென்று கேட்டால் தடுமாறும் நிறுவனத்திடம் நிதானம் தேவை.

விற்காததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால் அது கழிவே இல்லையே?

கொடுப்பது நல்லது, குப்பையில் கொட்டுவதைவிட எவ்வளவோ மேல். பிரான்ஸ் 2016இல் இயற்றிய சட்டம், 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் விற்காத உணவைத் தொண்டு அமைப்புகளுக்கு வழங்க ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்றும், உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே கெடுக்கக் கூடாது என்றும் விதித்தது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கொடை கூடிக்கொண்டே போனால், அளவுக்கு மீறி வாங்கும் பழக்கம் திருந்தவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். முதலில் மிகாமல் வாங்குவது, மிகுந்தால் மனிதருக்கு, பிறகு கால்நடைக்கு, பிறகு உரத்துக்கு என்ற வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். கொடையாகப் போனதையும் உரக்குழிக்குப் போனதையும் ஒன்றாகக் கூட்டி ‘குப்பைக்குப் போகாதது இத்தனை சதவீதம்’ என்று சொல்லும் அறிக்கைகள் இந்த வரிசையை மறைக்கின்றன.

மின்சாரத்தைச் சூரிய ஒளியிலிருந்து எடுத்தால் போதாதா? குளிர்பதனப் பெட்டிகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

கூரையில் இருக்கும் சூரியத் தகடு எல்லோர் கண்ணிலும் படும். குளிர்பதனக் குழாயில் கசியும் வாயு யார் கண்ணிலும் படாது. உணவு விற்கும் கடைகளில் பெரும் பாதிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பல கடைகளில் இன்னும் புழங்கும் ஆர்-404ஏ என்ற குளிரூட்டும் வாயுவுக்கு, புவியை வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 3,922 மடங்கு. ஒரு கடையில் ஓராண்டில் 100 கிலோ கசிந்தால் அது சுமார் 392 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு பெரிய அங்காடியின் குளிர்பதன அமைப்பு ஆண்டுதோறும் தன் வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கசியவிடுவது வழக்கம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருக்கிறது. மாற்று வழிகள் கைவசம் உள்ளன: கரியமில வாயுவையே குளிரூட்டியாகப் பயன்படுத்தலாம், அதன் மடங்கு வெறும் 1, சிறிய பெட்டிகளில் புரொப்பேன் பயன்படுகிறது, அம்மோனியாவும் உண்டு.

முதலீட்டாளருக்கு இதில் நேரடியான பண விஷயமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் கிகாலி உடன்படிக்கை ஆர்-404ஏ போன்ற வாயுக்களை உலகளவில் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. வெப்பமாக்கும் திறன் 2,500 அல்லது அதற்கு மேற்பட்ட வாயுவில் இயங்கும் புதிய நிலையான குளிர்பதனக் கருவிகளை, சில விலக்குகளுடன், 2020 தொடக்கம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் சந்தையில் அனுமதிப்பதில்லை. பழைய அமைப்பை வைத்திருக்கும் நிறுவனம் என்றாவது ஒருநாள் பெருந்தொகை செலவழித்து அதை மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவு இன்றைய லாபக் கணக்கில் தெரியாது. ஆகவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘கடந்த ஆண்டு உங்கள் கடைகளில் எத்தனை கிலோ குளிரூட்டும் வாயு நிரப்பினீர்கள்?’ நிரப்பிய அளவே ஏறக்குறையக் கசிந்த அளவு. பராமரிப்புப் பில்களில் அந்த எண் இருக்கும். அதை எடுத்துச் சொல்ல முடியாத நிறுவனம் தன் கரியமில வாயுக் கணக்கைத் தானே அறியாது.

உள்ளூர்ப் பொருள், பிளாஸ்டிக் இல்லாத கடை என்றால் நிலைத்தன்மை வந்துவிடாதா?

உதவும், ஆனால் அவ்வளவு பெரிதாக அல்ல. 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஆய்வு, உணவால் வரும், புவியை வெப்பமாக்கும் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று காட்டியது. பெரும்பங்கு நிலத்திலும் கால்நடையிலும்தான். விமானத்தில் வரும் பொருள் இதற்கு விலக்கு. பொட்டலத்தைப் பொறுத்தவரை, மெல்லிய உறை ஒன்று காய்கறியைச் சில நாள் அதிகம் காக்குமானால், உறையை நீக்கியதால் கெட்டுப்போகும் காயின் சுமை உறையின் சுமையைவிடக் கூடுதலாக இருக்கலாம். பொருளுக்குப் பொருள் இது மாறும் என்பதை அறிந்து பேசும் நிர்வாகத்தை நம்பலாம்.

சான்றிதழ்களை எவ்வளவு நம்பலாம்?

சான்றிதழ் ஒன்றின் பின்னால் யார் சோதிக்கிறார்கள், எத்தனை காலத்துக்கு ஒருமுறை, எந்தக் கட்டம் வரை என்ற மூன்றையும் பாருங்கள். நியாய வணிகம், கடல் மீன்வளம், செம்பனை எண்ணெய் போன்றவற்றுக்குச் சுதந்திரமான தணிக்கையுள்ள முத்திரைகள் உண்டு. நிறுவனமே வரைந்து ஒட்டிய இலைச் சின்னத்துக்கு அந்த மதிப்பு கிடையாது.

நல்ல தணிக்கைக்கும் எல்லை உண்டு என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. 2014இல், தாய்லாந்தில் வளர்க்கப்பட்டு உலகின் பெரிய அங்காடிகளில் விற்கப்பட்ட இறாலுக்கான தீவனம், கொத்தடிமைகளாக வைக்கப்பட்ட தொழிலாளர்கள் கடலில் பிடித்த மீனிலிருந்து செய்யப்பட்டது என்று பத்திரிகைப் புலனாய்வு வெளிப்படுத்தியது. இறாலைப் பதப்படுத்தும் ஆலையில் நின்று பார்ப்பவருக்கு, அந்த இறால் தின்ற தீவனம் வந்த படகு தெரியாது. விநியோகத்தின் எத்தனையாவது கட்டம் வரை பெயரும் இடமும் தெரியும் என்று கேட்பது இதனால்தான். எல்லாப் பொருளுக்கும் முழுச் சங்கிலியும் தெரியும் என்று சொல்பவரைவிட, ‘இந்தப் பத்துப் பொருளுக்குத் தெரியும், மற்றவற்றுக்கு இன்னும் தெரியாது’ என்று சொல்பவர் பெரும்பாலும் உண்மை பேசுகிறார்.

விவசாயிகளையும் சிறு உற்பத்தியாளர்களையும் நிறுவனம் எப்படி நடத்துகிறது என்று வெளியிலிருந்து எப்படி அறிவது?

சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகைக் குறிப்பிலிருந்தே நிறைய அறியலாம். சரக்கு தந்தவர்களுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியை ஆண்டுக் கொள்முதலால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். கொள்முதல் 72, பாக்கி 6 என்றால் சராசரியாக 30 நாளில் பணம் போகிறது; பாக்கி 12 என்றால் 61 நாள். இப்போது கையிருப்புச் சரக்கு எத்தனை நாளில் விற்கிறது என்று பாருங்கள். பதினைந்து நாளில் விற்றுக் காசாக்கிவிட்டு அறுபது நாள் கழித்துப் பணம் கொடுக்கும் கடைக்கு, இடைப்பட்ட நாற்பத்தைந்து நாளும் வட்டியில்லாக் கடன் கொடுப்பவர் விவசாயியும் சிறு உற்பத்தியாளரும்தான். வழக்கமான பகுப்பாய்வில் இதைத் திறமையான மூலதன நிர்வாகம் என்று பாராட்டுவார்கள். சமூகப் பொறுப்புடன் முதலீடு செய்பவர் இதைத் திறமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சட்டங்களும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறியாணை, சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும், அப்படிப்பட்ட பொருளுக்கான ஆர்டரை 30 நாளுக்கும் குறைவான அவகாசத்தில் ரத்து செய்யக் கூடாது என்றும் விதிக்கிறது. சிறிய விற்பனையாளரைப் பெரிய வாங்குபவரிடமிருந்து காப்பதே அதன் நோக்கம். பிரிட்டனில் 2013 முதல் மளிகை விநியோகத்துக்கெனத் தனி நடுவர் இருக்கிறார். அவர் 2016இல் வெளியிட்ட விசாரணை முடிவில், டெஸ்கோ என்ற பெரிய அங்காடி நிறுவனம் சரக்கு தருபவர்களுக்குரிய பணத்தைத் தாமதித்து விதிகளைக் கடுமையாக மீறியதாகக் கண்டார்.

அதே நிறுவனம் 2014இல் தன் லாபம் சுமார் 25 கோடி பவுண்டு மிகையாகக் காட்டப்பட்டிருப்பதாக அறிவித்ததும் இங்கே நினைவுகூரத்தக்கது. சரக்கு தருபவர்களிடமிருந்து பெறும் விளம்பரத் தொகை, தள்ளுபடித் தொகை போன்றவற்றை உரிய காலத்துக்கு முன்பே வருமானமாகக் காட்டியது அதன் மையக் காரணம். ஒரு மளிகை நிறுவனத்தின் லாபத்தில் எவ்வளவு வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது, எவ்வளவு அடுக்கில் இடம் தருவதற்காகச் சரக்கு தருபவரிடமிருந்தே வசூலிக்கப்படுகிறது என்பதைக் குறிப்புகளில் தேடுங்கள்.

பங்காளிகளைத் தேடிய ஒரு நிறுவனத்தின் அறிக்கையை நான் படித்திருக்கிறேன். அட்டையில் விவசாயியின் சிரித்த முகம். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அவரைப் பற்றிய புகழ்ச்சி. கடைசிப் பக்கங்களின் கணக்கில், பாக்கி வைக்கும் நாட்கள் மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து கூடியிருந்தன. அன்று முதல் இப்படிப்பட்ட அறிக்கைகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.

கடையில் வேலை செய்பவர்களைப் பற்றி எதைக் கேட்பது?

ஊதியம், வேலை நேரத்தின் உறுதி, ஓராண்டில் வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். இவற்றில் மூன்றாவது மற்ற இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும். அடிக்கடி ஆள் மாறும் கடையில் சரக்கைச் சரியாகச் சுழற்றி அடுக்கத் தெரிந்தவர் இருப்பதில்லை. பழையது பின்னால் தங்கிப்போய்க் கெடுகிறது. நல்ல ஊதியம் கழிவைக் குறைக்கும் செலவாகவும் அமைகிறது. ஒப்பந்தத் தொழிலாளர், கிடங்கில் வேலை செய்பவர், வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பவர் ஆகியோர் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வசதி படைத்தவர்கள் மட்டுமே வாங்கும் கடையில் என்ன சமூக நன்மை?

நியாயமான கேள்வி. அதிக விலைக்கு விற்கும் கடையும் விவசாயிக்கு நல்ல விலை தரலாம், புதிய முறைகளை முயன்று பார்க்கலாம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அன்றாடம் எல்லோர் வீட்டிலும் தேவைப்படும் பொருள்களில் எத்தனை, சாதாரணக் கடை விலைக்கு நெருக்கமாக அங்கே கிடைக்கின்றன என்று பாருங்கள். வருமானம் குறைந்தவர்கள் வாழும் பகுதிகளில் கிளை திறக்கும் திட்டம் இல்லாத நிறுவனம், தன் சமூக நன்மையைப் பற்றி அடக்கமாகப் பேசுவதே பொருந்தும்.

நிறுவனர் நல்லவர். அது போதாதா?

நிறுவனர் ஒருநாள் விலகுவார், அல்லது விலக்கப்படுவார். 1980இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய ஹோல் ஃபுட்ஸ், இயற்கை உணவு விற்பனையில் முன்னோடியாக வளர்ந்தது. 2017 ஏப்ரலில் ஒரு முதலீட்டு நிறுவனம் அதன் பங்குகளைக் கணிசமாக வாங்கி நிர்வாகத்தை நெருக்கியது. ஜூன் மாதத்தில் சுமார் 1,370 கோடி டாலருக்கு அமேசானுக்கு விற்க உடன்பாடாகிவிட்டது. அந்த விற்பனை நல்லதா கெட்டதா என்று இருபக்கமும் வாதிடலாம். பட்டியலிடப்பட்ட சாதாரண நிறுவனம் தன் கொள்கையை எவ்வளவு விரைவில் வேறொருவர் கையில் ஒப்படைக்க நேரும் என்பதற்கு அது சான்று.

ஆகவே கொள்கை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடை, மூலதனத்துக்கு வரையறுத்த வட்டியும், மீதி லாபத்தை உறுப்பினர்கள் வாங்கிய அளவுக்கேற்ற பங்கீடும் என்று விதியிலேயே எழுதிவைத்தது. கூட்டுறவில் ஒருவருக்கு ஒரு வாக்கு. பணம் அதிகம் போட்டவர் கடையை விலைக்கு வாங்கிவிட முடியாது. அதே காரணத்தால் உங்கள் பங்கின் மதிப்பும் பல மடங்காகாது என்பதை ஏற்றுக்கொண்டே சேர வேண்டும். கூட்டுறவு அல்லாத நிறுவனங்களில், நோக்கத்தைச் சாசனத்தில் சேர்த்திருக்கிறார்களா, அதை மாற்ற எத்தனை பங்குதாரர் சம்மதம் தேவை என்று பாருங்கள். 2006இல் உருவான பி லேப் அமைப்பின் சான்று பெறும் நிறுவனங்கள், பங்குதாரர் அல்லாதவர்களின் நலனையும் கருதும் கடமையைத் தம் சட்ட அமைப்பிலேயே ஏற்க வேண்டும். இது நல்ல அறிகுறி, ஆனால் முழுப் பாதுகாப்பு அன்று.

சந்தையில் பங்கு வாங்கினால் என் பணம் நிறுவனத்துக்குப் போகுமா?

போகாது. அது பங்கை விற்றவருக்குப் போகிறது. புதிதாக வெளியிடும் பங்கு, கடன் பத்திரம், உறுப்பினர் கடன் ஆகியவற்றில் போடும் பணமே நிறுவனத்தின் கைக்கு நேராகச் செல்கிறது. சந்தையில் வாங்கியவரின் பலம் வாக்கிலும் கேள்வியிலும் இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்துக்குப் போகாத, வாக்களிக்காத பங்குதாரர் அந்தப் பலத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறார். ‘பசுமை’ பரஸ்பர நிதி வழியாக வாங்குபவர், அந்த நிதி தன் சார்பில் எப்படி வாக்களித்தது என்பதை அதன் அறிக்கையில் பார்க்கலாம். நிதிகளின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்: 2023இல் ஜெர்மனியின் டி.டபிள்யூ.எஸ். நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, தன் இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) நடைமுறைகளைப் பற்றித் தவறாகக் கூறியதற்காக 1.9 கோடி டாலர் அபராதம் செலுத்தியது.

வழக்கமான நிதிப் பரிசோதனைகளைத் தளர்த்திக்கொள்ளலாமா?

கூடாது. நல்ல நோக்கமுள்ள கடையும் மூடப்பட்டால் விவசாயியும் ஊழியரும் சேர்ந்தே வீழ்கிறார்கள். புதிய கிளைகளை நீக்கிவிட்டு, ஓராண்டுக்கு மேல் இயங்கும் கடைகளில் மட்டும் விற்பனை வளர்கிறதா என்று பாருங்கள். நீண்டகால வாடகை ஒப்பந்தங்களும் கடனே. 2019இல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற கணக்கியல் தரம் அவற்றை ஐந்தொகைக்குள் கொண்டுவந்திருக்கிறது. மற்றவை எந்தத் தொழிலுக்கும் பொதுவானவை.

நேரில் போய்ப் பார்த்தால் என்ன தெரியும்?

நிறையத் தெரியும், ஆனால் திறப்பு விழா நாளில் போக வேண்டாம். சாதாரண நாளில், கடை மூட ஒரு மணி நேரம் இருக்கும்போது போங்கள். அந்த நேரத்திலும் காய்கறி அடுக்குகள் மலைபோல் குவிந்திருந்தால், நிறைந்த அடுக்கின் தோற்றத்துக்காக நாளைய கழிவை இன்றே வாங்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ப் பெட்டிகளுக்குக் கதவு இருக்கிறதா, இருந்தால் அதன் ரப்பர் ஓரம் இறுக்கமாகப் பதிகிறதா, கண்ணாடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். அடுக்கின் பின்வரிசையில் கைவிட்டு ஒரு பால் பொட்டலத்தை எடுத்து, முன்னால் இருப்பதன் தேதியோடு ஒப்பிடுங்கள். முன்னது பழையதாக இருந்தால் ஒழுங்காகச் சுழற்றுகிறார்கள். பிறகு பின்வாசலுக்குப் போய், சரக்கு இறக்குபவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று கவனியுங்கள். அவரிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தால், பணம் எத்தனை நாளில் வருகிறது என்பதை ஆண்டறிக்கையைவிடத் துல்லியமாகச் சொல்வார்.

எப்போது விலகுவது?

வாங்கும்போதே அதை எழுதி வையுங்கள். லாபம் ஓராண்டு குறைந்தது என்பது விலகக் காரணம் அன்று; குளிர்பதன மாற்றத்துக்குச் செலவிட்ட ஆண்டில் குறையத்தான் செய்யும். ஆனால் முன்பு வெளியிட்டு வந்த எண் ஒன்றைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவது, கழிவை அளக்கும் முறையை விளக்கமின்றி மாற்றுவது, சரக்கு தருபவர்களுக்கான பாக்கி நாட்கள் தொடர்ந்து கூடுவது ஆகிய மூன்றில் ஒன்று நேர்ந்தாலும் முதலில் எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு ஒரு காலக்கெடு கொடுங்கள். அந்தக் கெடுவுக்குள் எண்களோடு பதில் வந்தால் இருங்கள். வெறும் வாசகங்களோடு வந்தால் விற்றுவிட்டு, விற்ற காரணத்தையும் அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள்.